வாரத்துக்கு 66,000 இருக்கைகள்: ஒரு பைலட்டின் கணக்கு

ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏம்ப்பா, கொச்சிக்கு எமிரேட்ஸ் வருது, திருவனந்தபுரத்துக்கு வருது, நம்ம திருச்சிக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" கூட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திருச்சி விமான நிலையத்தில் விடியற்காலையில் வளைகுடாவுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தியாவும் துபாயும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில், துபாய் நிறுவனங்கள் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் திருச்சி கிடையாது. அவ்வளவுதான் காரணம்.

அதே திருச்சிக்கு ஸ்கூட், ஏர் ஏசியா, பாடிக் ஏர் எல்லாம் வருகின்றன. அதற்கும் ஒரு காகிதம்தான் காரணம். 2003-ல் வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது, ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாட்டு நிறுவனங்கள் இந்தியாவின் 18 சுற்றுலா ஊர்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பறந்து வரலாம் என்று இந்தியா கதவைத் திறந்துவிட்டது. கயா, வாரணாசி, கொச்சி என்று போகும் அந்தப் பட்டியலில் திருச்சிராப்பள்ளியும் இருக்கிறது, மதுரை இல்லை. மதுரைக்காரர்களின் கோபம் நியாயமானதுதான்.

சொந்தக்காரர்களுக்கு இது டிக்கெட் விலை பற்றிய விஷயம். விமானம் ஓட்டிப் பிழைக்கிற எனக்கோ, எந்த ஊரில் வேலை, எப்போது கேப்டன் ஆவேன், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஏர் ரெகுலேஷன்ஸ் தேர்வுக்காக நாடுகளுக்கிடையே விமானம் பறப்பதற்கு அடிப்படையான 1944-ன் சிகாகோ ஒப்பந்தத்தை மனப்பாடம் செய்தோம். எந்த ஷரத்தில் என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம். அது நம் சம்பளத்தைத் தொடும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

துபாய்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2014-ல் போட்ட ஏற்பாட்டின்படி இந்தியத் தரப்புக்கும் துபாய்த் தரப்புக்கும் தலா வாரத்துக்கு ஏறத்தாழ 66,000 இருக்கைகள் வரை ஓட்ட அனுமதி. ஒரு ஏ320 விமானத்தில் 180 இருக்கை என்று வைத்தால், சென்னையிலிருந்து துபாய்க்குத் தினமும் ஒரு முறை போய்வர வாரத்துக்கு 1,260 இருக்கை செலவாகும். 66,000-ஐ 1,260-ஆல் வகுத்தால் தினசரி சேவைகள் 52. ஒரு சேவைக்கு எத்தனை பைலட்? போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். வருடத்துக்கு 2,920 மணி. ஒரு பைலட் வருடத்தில் 1,000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்பது டிஜிசிஏ, அதாவது இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் விதி. லீவு, சிமுலேட்டர், உடம்பு சரியில்லாத நாட்கள் போக நடைமுறையில் 800 மணி என்று வைத்தால், நாலு ஜோடி வேண்டும். அதாவது எட்டுப் பேர். 52 சேவைக்கு நானூறு பேருக்கும் மேல். ஒரே ஒரு ஊருக்கு, ஒரு தரப்பின் பங்குக்கு மட்டும் இவ்வளவு.

இது என் நோட்டுக் கணக்குதான், நிறுவனங்களின் திட்டப் பிரிவில் இதைவிட நுணுக்கமாகப் போடுவார்கள். ஆனால் இதில் இன்னொன்றும் தெரிகிறது. அதே 66,000 இருக்கையை எமிரேட்ஸ் மாதிரி 350 இருக்கை கொண்ட 777-ல் ஓட்டினால் தினசரி சேவை 27 தான் வரும். பைலட் தேவையும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஒப்பந்தம் இருக்கையைத்தான் எண்ணுகிறது, விமானத்தை எண்ணுவதில்லை. ஆகவே சின்ன விமானம் வைத்திருக்கும் தரப்பில் அதே பங்குக்கு அதிக பைலட் வேலைகள் உருவாகின்றன. இதை எந்தச் செய்தியிலும் நான் படித்ததில்லை. ரோஸ்டரைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது.

நான் ஏ320-ல் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானி) இருந்த இந்திய நிறுவனத்தில் கமாண்டுக்காக, அதாவது கேப்டன் பதவிக்காகக் காத்திருந்தவர்கள் ஒரு பெரிய வரிசை. மணி நேரம் இருக்கிறது, கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் உரிமம் இருக்கிறது, பரீட்சை முடிந்தது. ஆனால் கேப்டன் பதவி காலியாக வேண்டுமே. விமானங்கள் கூடினால்தான் பதவி கூடும். வெளிநாட்டுத் தடங்களுக்கு இருக்கை கிடைத்தால்தான் விமானங்கள் கூடும். வளைகுடாவின் நல்ல தடங்களில் இந்தியத் தரப்புப் பங்கு ஏற்கெனவே மற்றவர்களிடம் இருந்தது. "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருந்தது. அது பொய் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை.

இளைய பைலட்டுகளுக்கு இதில் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு நிறுவனத்தில் சேருமுன் சம்பளத்தையும் பாண்டு தொகையையும் விசாரிக்கிற நீங்கள், அதன் வெளிநாட்டுத் தடங்கள் எந்தெந்த நாட்டு ஒப்பந்தத்தில் நிற்கின்றன, அங்கே இந்தியத் தரப்புக்கு இன்னும் இடம் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்தக் கணக்கு ரகசியம் ஒன்றும் இல்லை. எந்த நாட்டோடு எவ்வளவு, எவ்வளவு தீர்ந்தது என்று நாடாளுமன்றக் கேள்வி பதில்களிலேயே அடிக்கடி வரும். நேர்முகத்தில் இதைக் கேட்டால் எதிரில் இருக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

அப்புறம் நான் வளைகுடாவுக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

அங்கேதான் சிகாகோ ஒப்பந்தத்தின் 32-வது ஷரத்து என் வாழ்க்கையில் நேரடியாக வந்து உட்கார்ந்தது. விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு கொடுத்த அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட உரிமம்தான் பைலட்டிடம் இருக்க வேண்டும் என்பது அந்த ஷரத்து. வால் பகுதியில் 'விடி' என்று எழுதியிருந்தால் இந்தியப் பதிவு, 'ஏ6' என்றால் அமீரகம், '4ஆர்' என்றால் இலங்கை. என்னிடம் எத்தனை ஆயிரம் மணி நேர அனுபவம் இருந்தாலும், அந்த எழுத்து மாறினால் என் இந்திய உரிமம் தனியாகச் செல்லாது. உலகம் முழுக்க ஒரே ஐகாவோ (ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பு) தரம், ஒரே ஆங்கிலத் தேர்வு நிலைகள், ஒரே மாதிரி மெடிக்கல் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இது முதல் அதிர்ச்சி. தரம் பொதுவானது, உரிம அட்டை பொதுவானது இல்லை.

உரிமத்தை மாற்றும் வேலை முழுக்கக் காகித வேலை. டிஜிசிஏ-யிலிருந்து என் உரிமம் உண்மையானது என்று உறுதிக் கடிதம் போக வேண்டும். புதிய நாட்டின் மெடிக்கல், புதிய நாட்டின் சட்டப் பாடத் தேர்வு, சிமுலேட்டர் சோதனை. அந்த உறுதிக் கடிதம் ஒன்றுக்காகவே நண்பர் ஒருவரின் சேரும் தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அடுத்த குழுவோடுதான் அவர் பயிற்சியில் உட்கார்ந்தார். சீனியாரிட்டி எண் அந்தக் குழுவின் தேதியிலிருந்துதான் தொடங்கும் என்பதால், கேப்டன் ஆவதிலும் அவர் பின்னால் போனார். ஆகவே ராஜினாமாவுக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

அதைவிட முக்கியமான இன்னொன்று: பழைய நிறுவனத்தை விட்டுக் கிளம்புமுன் பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் அத்தனை மணி நேரத்துக்கும் நிறுவனத்தின் சான்று வாங்கிவிட வேண்டும். கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசி விமானத்தை ஓட்டியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. மூடிய கட்டடத்தில் யாரிடம் போய்க் கையெழுத்து கேட்பது? அப்படி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸ் காலம் வேறு. 2017-ல் டிஜிசிஏ கேப்டன்களுக்கு அதை 12 மாதமாக உயர்த்தியது. ஃபர்ஸ்ட் ஆபீசர்களுக்கு 6 மாதம். வெளிநாட்டு நிறுவனங்கள் அவ்வளவு நாள் காத்திருப்பது அபூர்வம். விதியின் நோக்கம் புரிகிறது. இந்திய நிறுவனங்கள் பணம் செலவழித்துப் பயிற்சி கொடுத்து, கேப்டனானதும் வளைகுடா தூக்கிக்கொண்டு போனால் பயணிகளின் விமானம்தான் ரத்தாகும். 2025-ல் ஐகாவோ பொதுப்பேரவைக்கு இந்தியா ஒரு பணித்தாளே கொண்டுபோனது, அனுபவமுள்ள ஊழியர்களை வெளிநாட்டு நிறுவனங்கள் இழுப்பதற்கு ஒரு நடத்தை விதி வேண்டும் என்று. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. வருடம் முழுக்க ஒருவனைப் பிடித்து வைத்துத்தான் தக்கவைக்க முடியும் என்றால், சம்பளத்திலோ ரோஸ்டரிலோ கோளாறு இருக்கிறது. ஆனால் அந்த விவாதம் ஓடுகிற வரை விதி விதிதான். வெளிநாட்டு நிறுவனத்திடம் முதல் பேச்சிலேயே நோட்டீஸ் காலத்தைச் சொல்லிவிடுங்கள், மறைத்தால் பின்னால் பழைய நிறுவனத்தின் தடையில்லாச் சான்றில் (என்ஓசி) சிக்கும்.

2020 வந்தது. மார்ச் 23-லிருந்து இந்தியா வெளிநாட்டு வழக்கமான சேவைகளை நிறுத்தியது. அது மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27-ல்தான். நடுவில் பறந்ததெல்லாம் 'ஏர் பபுள்' என்று நாட்டுக்கு நாடு போட்டுக்கொண்ட தற்காலிக ஏற்பாடுகளில். எந்த நாட்டோடு பபுள் இருக்கிறதோ, அந்த நாட்டு பைலட்டுக்கு வேலை. இல்லையென்றால் வீட்டில். தொடக்கத்தில், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவந்த வந்தே பாரத் விமானங்களில் ஏர் இந்தியா மட்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தபோது, எங்கள் நிறுவனங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லையே என்று அமெரிக்கா சண்டைக்கே வந்தது. 2020 ஜூனில் ஏர் இந்தியாவின் சிறப்பு விமானங்களுக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அடுத்த மாதம் பபுள் போட்டு முடித்தார்கள். எனக்கு இது பெரிய பாடம். நோய்ப் பரவல் நடுவிலும் இரு நாடுகள் இருக்கைக்குச் சமபங்கு கேட்டு மல்லுக்கு நிற்கும்.

என் வளைகுடா நிறுவனம் அந்தக் கோடையில் ஆள் குறைத்தது. அதில் நானும் ஒருவன். வேலைக்கும் விசாவுக்கும் ஒரே கயிறு என்பதால், வேலை போன கையோடு வீடு, பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. என் மனைவி அதைச் செய்த வேகத்தை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்.

இந்தியா திரும்பியபோது என்னைக் காப்பாற்றியது நான் வருடா வருடம் முணுமுணுத்துக்கொண்டே செய்த ஒரு வேலை: டிஜிசிஏ மெடிக்கலையும் இந்திய உரிமத்தையும் காலாவதியாக விடாமல் வைத்திருந்தது. லீவில் ஊருக்கு வரும்போது ஒரு நாள் மெடிக்கலுக்குப் போகும். மாமியார் வீட்டில் கேலி செய்வார்கள். என்னோடு திரும்பிய நண்பரிடம் வெளிநாட்டு உரிமம் மட்டுமே உயிரோடு இருந்தது. இந்திய மெடிக்கலை ஆரம்ப மெடிக்கல் மாதிரி மறுபடி எடுத்து, கருவிப் பறத்தல் சோதனை (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்து ஓட்டுவது) முடித்து, அவர் காக்பிட்டில் உட்கார்வதற்குள் வாய்ப்புகள் நிரம்பிவிட்டன. உரிமத்தின் ஆயுளை 2023-ல் ஐந்திலிருந்து பத்து வருடமாக நீட்டியது நல்ல மாற்றம். ஆனால் மெடிக்கலும் கருவிச் சோதனையும் அதோடு சேர்ந்து நீள்வதில்லை, அதை நினைவில் வையுங்கள்.

ஜெட் நின்றபோது அதன் வசம் இருந்த வெளிநாட்டு இருக்கைகளை அரசு தற்காலிகமாக மற்ற இந்திய நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒரு பக்கம் ஜெட் கேப்டன்கள் சம்பள பாக்கியோடு தெருவில் நின்றார்கள். இன்னொரு பக்கம் அதே இருக்கைகளை வாங்கிய நிறுவனங்களில் புதிய தடங்களும் புதிய கமாண்டுகளும் வந்தன. இது கொடுமையா நியாயமா என்று எனக்கு இன்றுவரை முடிவு கிடைக்கவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: பறக்கும் உரிமை நாட்டினுடையது. நிறுவனத்துக்கு அது பொறுப்பில் கொடுக்கப்பட்டது, ஓட்டாவிட்டால் திரும்பிப் போகும்.

கோ ஃபர்ஸ்ட் விஷயத்தில் வேறொரு ஒப்பந்தம் வந்தது. கேப் டவுன் ஒப்பந்தம், 2001. தவணை கட்டாவிட்டால் குத்தகைக்கு விட்டவர் விமானத்தை விரைவாகத் திரும்ப எடுக்கலாம் என்பது அதன் சாரம். இந்தியா 2008-ல் சேர்ந்தது, ஆனால் உள்நாட்டுத் திவால் சட்டம் அதற்குக் குறுக்கே நின்றது. 2023 மே முதல் கோ ஃபர்ஸ்ட்டின் விமானங்கள் அசையாமல் நின்றன. 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்கச் சொன்னது. 2025-ல் கேப் டவுன் ஒப்பந்தத்துக்கென்றே தனிச் சட்டமும் வந்துவிட்டது. பைலட்டுக்கு இதன் பொருள் சுருக்கமாக: இனி ஒரு நிறுவனம் தள்ளாடினால் "எப்படியும் யாராவது வாங்கி ஓட்டுவார்கள்" என்று காத்திருக்க விமானமே இருக்காது. ஊழியர் சம்பள பாக்கிக்கு அந்த ஒப்பந்தத்தில் இந்தியா ஒரு முன்னுரிமை கேட்டு வைத்திருக்கிறது. ஆனால் தவணை தவறியதாக அறிவிக்கப்பட்ட பிறகு சேர்ந்த பாக்கிக்குத்தான் அது. அதற்கு முந்தைய மாதங்களின் பாக்கிக்கு வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும். எனவே சம்பளம் இரண்டாவது மாதமாகத் தள்ளிப்போனால், விசுவாசத்தைப் பற்றி யோசிக்காமல் உரிமக் காகிதங்களை ஒழுங்கு செய்யத் தொடங்குங்கள்.

குத்தகை விமானங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டேம்ப் லீஸ் என்ற குத்தகையில் விமானமும் பைலட்டுகளும் குத்தகைக்கு விடுகிறவர்களுடையது, கேபின் குழுவில் நம்மவர்கள் இருக்கலாம். இண்டிகோ 2023 முதல் டர்கிஷ் ஏர்லைன்ஸின் இரண்டு 777-களை இஸ்தான்புல் தடத்தில் ஓட்டியது இப்படித்தான். பிறகு நார்ஸ் அட்லாண்டிக்கின் 787-களும் இதே முறையில் வந்தன. டிக்கெட்டில் இந்திய நிறுவனத்தின் பெயர், செலவாவது இந்தியத் தரப்பின் உரிமை. ஆனால் வால் எழுத்து வெளிநாடு. 32-வது ஷரத்து இருப்பதால் அந்த இருக்கையில் இந்திய உரிமம் மட்டும் உள்ளவர் உட்கார முடியாது. பைலட் சங்கங்கள் எதிர்த்ததில் நியாயம் உண்டு. நிறுவனத்தின் பக்கமும் ஒரு வாதம் உண்டு: சொந்தப் பெரிய விமானங்கள் வந்து சேர வருடக் கணக்காகும், அதற்குள் தடத்தை விட்டால் வேறொருவர் பிடிப்பார். 2025 மே மாதம் துருக்கியோடு உறவு கசந்தபோது, இதுதான் கடைசி என்று அந்தக் குத்தகைக்கான அனுமதியை மூன்று மாதம் நீட்டினார்கள். அப்புறம் அதையும் தாண்டி நீட்டினார்கள். வெளியுறவுத் துறையில் யார் முகம் சுளித்தாலும் அந்த விமானத்தில் வேலை செய்கிறவர்களின் ரோஸ்டர் ஆடும்.

ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. சிகாகோ ஒப்பந்தத்தின் 7-வது ஷரத்துப்படி, வெளிநாட்டு நிறுவனம் ஒரு நாட்டுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வதை அந்த நாடு மறுக்கலாம். எமிரேட்ஸ் சென்னையிலிருந்து டெல்லிக்கு டிக்கெட் விற்க முடியாது. இந்திய பைலட்டுகளில் மிகப் பெரும்பாலோரின் சோறு இந்த ஒரு ஷரத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக் கனவு எதுவும் இல்லாமல், சென்னை பேஸில் உள்நாட்டில் மட்டும் பறந்து மாலையில் வீடு திரும்பும் நண்பர்களை நான் இப்போது கொஞ்சம் பொறாமையோடுதான் பார்க்கிறேன்.

துபாய்க்காரர்கள் 2022-ல் இன்னும் 50,000 இருக்கைகள் கேட்டார்கள். இந்திய அரசு கொடுக்கவில்லை. ஏர் இந்தியா 2023-ல் 470 விமானங்களுக்கும், இண்டிகோ அதே வருடம் 500 விமானங்களுக்கும், பிறகு ஏ350-களுக்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறவர்கள் துபாயில் இறங்கி மாறாமல் இங்கிருந்தே நேராகப் போகட்டும் என்பது அரசின் எண்ணம். பெரிய விமானத்தில் கமாண்டுக்குக் காத்திருக்கும் ஃபர்ஸ்ட் ஆபீசராக நான் இருந்தால் கைதட்டியிருப்பேன். துபாயில் கட்டட வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் பொங்கலுக்கு வரக் கொடுக்கும் டிக்கெட் காசைப் பார்த்தால் கை தானாக நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே கொள்கையின் விளைவு.

கடைசியாக, அடிக்கடி வரும் ஒரு கேள்விக்குப் பதில். "வெளிநாட்டில் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) எடுத்தால் ஐகாவோ உரிமம்தானே, இந்தியாவில் அப்படியே செல்லாதா அண்ணா?" செல்லாது. இந்தியாவில் ஏர் ரெகுலேஷன்ஸ் தேர்வும், நேவிகேஷனும் (வழியறிதல்) வானிலையும் சேர்ந்த ஒரே தாளும் எழுத வேண்டும். இந்திய ரேடியோ உரிமம் வேண்டும், டிஜிசிஏ கிளாஸ் 1 மெடிக்கல் வேண்டும், சமீபத்திய பறத்தல் சோதனைகளும் கேட்பார்கள். பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் மெடிக்கலை முதலில் இங்கே எடுங்கள். வீட்டை அடமானம் வைத்து அமெரிக்காவுக்குப் போய் இருநூறு மணி நேரம் பறந்துவிட்டு, திரும்பி வந்து கண்ணிலோ இதயத்திலோ ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பையன்களை எனக்குத் தெரியும்.